சரக்கு இருப்புக்கு டேட்டாபேஸ் அமைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான படிகள்

பொருள் அட்டவணையில் ‘இருப்பு’ என்று ஒரு புலம் (ஒரு வகைத் தகவலை வைக்கும் பத்தி). சரக்கு வந்தால் கூட்டு, போனால் கழி. ஸ்டாக் கணக்குக்கு மென்பொருள் எழுதப் புகும் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். சில வாரங்கள் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் திரையில் 43 என்று இருக்கும், அலமாரியில் 38 இருக்கும். மீதி 5 எங்கே போயிற்று என்று கேட்டால் அந்த அட்டவணையிடம் பதில் இருக்காது. பழைய எண்ணை அழித்துத்தானே புது எண்ணை எழுதினோம்!

இருப்பு என்பது நேரடியாக எழுதும் எண்ணாக இருக்கக் கூடாது. நடந்த நகர்வுகளைக் கூட்டினால் கிடைக்கும் விடையாக இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறப்பவை. எந்த டேட்டாபேஸ் பயன்படுத்தினாலும் இவை பொருந்தும்.

## 1. நிரல் எழுதும் முன் சீட்டுகளைச் சேகரியுங்கள்

இப்போது புழக்கத்தில் உள்ள தாள்கள், எக்செல் கோப்புகள் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள்: கொள்முதல் ஆணை, சப்ளையரின் டெலிவரி நோட், சரக்கு வரவுச் சீட்டு, வெளியீட்டுச் சீட்டு, இடமாற்றச் சீட்டு, திருப்பி அனுப்பிய பதிவு, கழிவுப் பதிவு, கணக்கெடுப்புத் தாள். வெற்றுப் படிவம் போதாது. நிரப்பியதில் வகைக்குப் பத்தாவது வேண்டும். ஓரத்தில் பேனாவால் எழுதிய குறிப்புகள்தான் உங்கள் டேட்டாபேஸ் வடிவமைப்பில் விடுபடப்போகும் புலங்கள்.

ஒவ்வொரு சீட்டைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் எழுதுகிறார்? பொருள் நகர்வதற்கு முன்பா, பின்பா, எவ்வளவு நேரம் கழித்து? தவறாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துகிறார்கள்?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொள்முதல் ஆணை கொடுத்ததால் இருப்பு கூடாது. சப்ளையரின் பில் வந்ததாலும் கூடாது. சரக்கு இறங்கி, எண்ணி, வரவுச் சீட்டில் கையெழுத்தான பிறகே கூடும். கேட்டது 100, வந்தது 96, பில்லில் போட்டது 100 என்பது சாதாரணமாக நடக்கும். மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தால்தான் அந்த 4-க்கான பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும். பில்லைப் பார்த்து இருப்பை ஏற்றினால் முதல் நாளிலேயே இல்லாத 4 பொருள் கணக்கில் உட்கார்ந்துவிடும்.

## 2. பொருள் பட்டியல்

குறைந்தபட்சப் புலங்கள்: டேட்டாபேஸுக்கான உள் எண், மனிதர்கள் பார்க்கும் பொருள் குறியீடு, பெயர், அடிப்படை அலகு, கண்காணிக்கும் முறை (எண்ணிக்கை மட்டும், ஒரே தொகுதியாகத் தயாரானதைக் குறிக்கும் பேட்ச், ஒவ்வொரு துண்டுக்கும் உரிய சீரியல் எண்), புழக்கத்தில் உள்ளதா என்ற குறி. இருப்பு என்ற புலம் இங்கே வேண்டாம். கொள்முதல் விலையும் வேண்டாம். அது வரவுக்கு வரவு மாறும்.

பார்கோடுக்குத் தனி அட்டவணை போடுங்கள். ஒரே பொருளின் தனிப் பாக்கெட்டுக்கு ஒரு பார்கோடு, 12 பாக்கெட் கொண்ட பெட்டிக்கு வேறு பார்கோடு இருக்கும். ஆகவே அந்த அட்டவணையில் பார்கோடு, பொருள், அது எந்த அலகைக் குறிக்கிறது என்ற மூன்றும் வேண்டும். ஜிஎஸ்1 என்ற பன்னாட்டு அமைப்பு வழங்கும் பார்கோடு எண்கள் 8, 12, 13 அல்லது 14 இலக்கம் கொண்டவை. இவற்றை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமியுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள சுழியம் பறிபோகும்.

எக்செல் வழியாகப் பட்டியலை ஏற்றும்போது இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். 13 இலக்கப் பார்கோடை அது அடுக்குக்குறி வடிவத்தில் சுருக்கிக் காட்டும். அப்படியே கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட சீரியல் எண்ணாக இருந்தால் மிகுதி இலக்கங்களை அது சுழியமாகவே மாற்றிவிடும், திரும்பப் பெற வழியில்லை. கோப்பைத் திறக்கும் முன்பே அந்தப் பத்தியை ‘உரை’ என்று அமைத்து இறக்குமதி செய்யச் சொல்லுங்கள்.

பொருள் குறியீட்டுக்குள் நிறம், அளவு, சப்ளையர் என்று எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சப்ளையர் மாறிய அன்று அந்தக் குறியீடு பொய் சொல்லத் தொடங்கும். அவற்றுக்குத் தனிப் புலங்கள் வையுங்கள். பழைய பொருளை ஒருபோதும் அழிக்க வேண்டாம். புழக்கத்தில் இல்லை என்று குறியிட்டால் போதும்.

உள்ளே மட்டும் ஒட்டும் லேபிளுக்குக் கோட் 128 என்ற பார்கோடு வகை அல்லது கியூஆர் போதும். யாரிடமும் பதிவு செய்யத் தேவையில்லை. ஜிஎஸ்1 எண்ணுக்கான கட்டணம், பொருள் உங்கள் பெயரில் வெளிச் சந்தைக்குப் போகும்போதுதான் வரும்.

## 3. அலகுகள்

ஒரு பொருளுக்கு ஓர் அடிப்படை அலகு. நகர்வுகளை வரிசையாகப் பதியும் பேரேட்டில் (5-ஆவது படியில் வரும்) ஏறும் அளவெல்லாம் அந்த அலகில்தான். முதல் நகர்வு பதிவான பிறகு அதை மாற்ற யாருக்கும் அனுமதி தராதீர்கள். அலகாகப் பிரிக்கக்கூடியதில் மிகச் சிறியதையே தேர்ந்தெடுங்கள். பெட்டியை அலகாக வைத்தால் ஒரு துண்டு 0.0833 பெட்டி ஆகும். 12 துண்டு கொடுத்த பிறகு 0.0004 பெட்டி மிச்சம் நிற்கும்.

மாற்று விகிதம் பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதால் ‘1 பெட்டி = 12’ என்று பொதுவாக எழுத முடியாது. சப்ளையர் ஒருநாள் பெட்டிக்கு 10 என்று மாற்றிக்கொள்ளவும் கூடும். அதனால் ஒவ்வொரு நகர்வு வரியிலும் மூன்றைப் பதியுங்கள்: பயனர் உள்ளிட்ட அளவு, உள்ளிட்ட அலகு, அன்றைய விகிதப்படி கணக்கிட்ட அடிப்படை அளவு. விகிதம் மட்டும் வேறிடத்தில் இருந்தால், அதை மாற்றிய நொடியில் பழைய வரவெல்லாம் மாறிப்போகும்.

அளவுக்கும் பணத்துக்கும், பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி (float) வகையைத் தொடாதீர்கள். அதில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்களில் துல்லியமான தசம வகை இருக்கிறது. மொத்தம் 18 இலக்கம், புள்ளிக்குப் பின் 4 என்பது பெரும்பாலான இடங்களுக்குப் போதும். எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் புலத்தைத் தசமம் என்று அறிவித்தாலும் பின்னம் மிதவையாகத்தான் சேமிக்கப்படும். அங்கே கிராம், மில்லிலிட்டர் என்று மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள்.

## 4. இடங்கள்

கிடங்கு, அதற்குள் ரேக், அதற்குள் தட்டு. ‘மேல் இடம்’ என்ற ஒரே புலத்தோடு ஓர் அட்டவணை எல்லா மட்டத்துக்கும் போதும். தட்டு வரை போக வேண்டுமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. கிடங்கு மட்டத்தில் தொடங்கிப் பிறகு ஆழப்படுத்தலாம்.

உண்மையில் இல்லாத சில இடங்களையும் இதே அட்டவணையில் சேருங்கள்: சப்ளையர், வாடிக்கையாளர், கழிவு, கணக்கெடுப்பு வித்தியாசம், தொடக்க இருப்பு, வழியில் உள்ளது. இவை இருந்தால் எல்லா நகர்வும் ‘இங்கிருந்து அங்கே’ என்ற ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். வரவு என்றால் சப்ளையரிடமிருந்து கிடங்குக்கு. உடைந்தது என்றால் கிடங்கிலிருந்து கழிவுக்கு. ஓடூ என்ற வணிக மேலாண்மை மென்பொருள் சரக்கை இந்த இரட்டைப் பதிவு முறையில்தான் நடத்துகிறது.

‘வழியில் உள்ளது’ என்ற இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிடங்குகளுக்கு இடையே வண்டி மூன்று நாள் ஓடினால் அந்த மூன்று நாளும் சரக்கு எங்கே? புறப்பட்டபோது ஒரு நகர்வு, சேர்ந்தபோது இன்னொன்று. ஏற்றியது 50, இறங்கியது 48 என்றால் அந்த 2 வழியிலேயே நின்று உங்களைக் கூப்பிடும்.

## 5. நகர்வுப் பேரேடு

இதுதான் வடிவமைப்பின் உயிர். நேரத்தில் பெரும்பங்கை இங்கே செலவிடுங்கள். புலங்கள்:

- நகர்வு எண்
- பொருள், தேவையானால் பேட்ச் அல்லது சீரியல்
- எந்த இடத்திலிருந்து, எந்த இடத்துக்கு
- அடிப்படை அலகில் அளவு (எப்போதும் நேர்மறை, திசையை இடங்களே சொல்லும்)
- உள்ளிட்ட அளவும் அலகும்
- நிகழ்ந்த நேரம்
- பதிவான நேரம்
- எந்தச் சீட்டு, அதில் எந்த வரி
- யார், என்ன காரணம்
- எந்த நகர்வை இது ரத்து செய்கிறது (இருந்தால்)
- ஒருமுறைச் சாவி

ஓர் இடத்தின் இருப்பு = அங்கே வந்தவற்றின் கூட்டல் − அங்கிருந்து போனவற்றின் கூட்டல். சப்ளையர் என்ற இடத்தில் எதிர்மறை எண் வரும், அது சரியே. எல்லா இடங்களையும் சேர்த்துக் கூட்டினால் ஒவ்வொரு பொருளுக்கும் 0 வர வேண்டும்.

பேரேட்டில் வரியைத் திருத்தக் கூடாது, அழிக்கவும் கூடாது. 10 என்பதை 100 என்று பதிந்துவிட்டால் எதிர்த்திசையில் 100-க்கு ஒரு ரத்து வரி, பிறகு 10-க்குச் சரியான வரி. ‘யாரும் திருத்த மாட்டார்கள்’ என்ற நம்பிக்கையில் விடாமல், நிரல் பயன்படுத்தும் டேட்டாபேஸ் கணக்குக்கு இந்த அட்டவணையில் சேர்க்கும் அனுமதியும் படிக்கும் அனுமதியும் மட்டும் கொடுங்கள். அவசர நேரத்தில் நேரடியாக ஒரு வரியைத் தட்டித் திருத்தும் கை எல்லா அலுவலகத்திலும் உண்டு.

இரண்டு நேரங்கள் ஏன்? வெள்ளி மாலை இறங்கிய சரக்கைத் திங்கள் காலை பதிவார்கள். ‘மாத முடிவில் இருப்பு என்ன’ என்ற கேள்விக்கு நிகழ்ந்த நேரம் வேண்டும். ‘போன வாரம் எடுத்த அறிக்கையில் வேறு எண் இருந்ததே’ என்ற கேள்விக்குப் பதிவான நேரம் வேண்டும். ஒரே நேரத்தை வைத்தால் இரண்டில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நேரங்களை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். கணக்கு முடித்த மாதத்துக்கு ஒரு பூட்டுத் தேதியும் வையுங்கள்; அதற்கு முந்தைய தேதியில் பதிவை மென்பொருள் மறுக்க வேண்டும்.

ஒருமுறைச் சாவியைச் சிறிய விஷயம் என்று தள்ளாதீர்கள். கிடங்கில் வைஃபை தளர்வான மூலையில் ஸ்கேனர் பதிவை அனுப்பும், பதில் வராது, பயனர் மறுபடி அழுத்துவார். இரண்டும் சேர்ந்து போய்ச் சேரும். கருவியே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனிச் சாவியை உருவாக்கி அனுப்பி, டேட்டாபேஸில் அந்தப் புலத்துக்குத் தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் விதி) போட்டால் இரண்டாவது தானாகவே நிராகரிக்கப்படும்.

இவ்வளவு வரிகள் சேர்ந்தால் இடம் போதுமா என்ற பயம் வரும். நாளுக்கு 5,000 நகர்வு, வரிக்கு 200 பைட் என்றால் நாளுக்கு 1 எம்பி, ஆண்டுக்கு ஏறத்தாழ 365 எம்பி. இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் துணைப் பட்டியல்) சேர்த்து இரண்டு மடங்கு என்றாலும் எந்தச் சாதாரண சர்வருக்கும் இது சுமையில்லை.

## 6. கையிருப்பு, ஒதுக்கியது, கொடுக்கக்கூடியது

மூன்றும் வெவ்வேறு எண்கள். அலமாரியில் 20 இருக்கலாம், அதில் 15 வந்துவிட்ட ஆர்டர்களுக்கு ஒதுக்கியதாக இருக்கலாம். கொடுக்கக்கூடியது 5 மட்டுமே. ஒதுக்கீட்டுக்குத் தனி அட்டவணை, ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் காலாவதி நேரம். அது இல்லாவிட்டால், பணம் கட்டாமல் போன ஆர்டர்கள் சரக்கைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கும்.

வேகத்துக்காகக் கூட்டிய இருப்பை ஒரு துணை அட்டவணையில் வைக்கலாம். பேரேட்டு வரி சேர்வதும் துணை அட்டவணை மாறுவதும், நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது என்று உறுதி தரும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அதை அழித்துப் பேரேட்டிலிருந்து மறுபடி கட்ட முடிகிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

கடைசி ஒரு பொருளை இருவர் ஒரே நொடியில் கேட்டால்? இரு நிரல்களும் ‘1 இருக்கிறது’ என்று படித்து, இரண்டும் கழிக்கும். படித்துப் பார்த்துப் பிறகு எழுதுவதைக் கைவிட்டு, ‘கொடுக்கக்கூடியது கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் கழி’ என்று ஒரே கட்டளையாக எழுதுங்கள். எத்தனை வரி மாறியது என்று பார்த்து, 0 என்றால் மறுத்துவிடுங்கள். பல பொருள் கொண்ட ஆர்டரில் வரிகளை எப்போதும் பொருள் எண்ணின் ஏறுவரிசையில் பூட்டுங்கள். இல்லையேல் இரண்டு ஆர்டர்கள் ஒன்றையொன்று காத்து முட்டி நிற்கும்.

இருப்பு எதிர்மறைக்குப் போக அனுமதிக்கலாமா? இணைய விற்பனையில் கூடவே கூடாது. கிடங்குத் தரையில் கதை வேறு: பொருள் கையில் இருக்கிறது, வரவுச் சீட்டு மட்டும் இன்னும் ஏறவில்லை. அங்கே கண்டிப்பாக மறுத்தால் வேலை நடக்க வேண்டுமே என்று ஊழியர்கள் பொய் வரவு பதிவார்கள். அனுமதித்து, எதிர்மறையான பொருட்களின் பட்டியலை அன்றே தீர்க்கச் சொல்வதுதான் நல்லது.

## 7. பேட்ச், சீரியல், காலாவதி

காலாவதித் தேதி பேட்சுக்கு உரியது, பொருளுக்கு அல்ல. காலாவதி உள்ள பொருளில் முதலில் வந்ததைக் கொடுக்காமல் முதலில் காலாவதியாவதைக் கொடுங்கள். சீரியல் உள்ள பொருளின் நகர்வில் அளவு எப்போதும் 1. எல்லாப் பொருளுக்கும் பேட்ச் கட்டாயம் என்று வைக்காதீர்கள். தேவையில்லாத இடத்தில் ஊழியர்கள் ‘1’, ‘ஏஏஏ’ என்று எதையாவது அடித்து நகர்வார்கள்.

## 8. விலை மதிப்பு

எண்ணிக்கை சரியாக இருந்தும் கணக்காளர் திருப்பி அனுப்பும் இடம் இது. நிரல் எழுதும் முன்பே அவரோடு உட்கார்ந்து முறையை எழுத்தில் வாங்குங்கள். ஐஏஎஸ் 2 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை, ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கக்கூடிய பொருட்களுக்கு ‘முதலில் வந்தது முதலில்’, ‘எடையிட்ட சராசரி’ என்ற இரண்டை ஏற்கிறது. ‘கடைசியில் வந்தது முதலில்’ என்பதை ஏற்பதில்லை.

வித்தியாசத்தை எண்ணில் பாருங்கள். 100 துண்டு தலா 10-க்கு, பிறகு 50 துண்டு தலா 13-க்கு வந்தன. மொத்த மதிப்பு 1,650. இதில் 120 வெளியே போகிறது. சராசரி முறையில் தலா 11: போனது 1,320, மீதி 330. முதலில் வந்தது முதலில் என்றால் 100-க்குத் தலா 10, 20-க்குத் தலா 13: போனது 1,260, மீதி 390. அதே சரக்கு, அதே நாள், லாபத்தில் 60 வித்தியாசம்.

‘முதலில் வந்தது முதலில்’ முறைக்கு ஒவ்வொரு வரவும் ஓர் அடுக்கு: வரவு நகர்வு எண், தலா விலை, மீதி அளவு. எந்த வெளியீடு எந்த அடுக்கிலிருந்து எவ்வளவு எடுத்தது என்ற இணைப்பு அட்டவணையும் வேண்டும். பொருள் திரும்பி வந்தால் எந்த விலைக்குச் சேர்ப்பது என்பதை அதுதான் சொல்லும். சராசரி முறையில் சராசரியைச் சேமிக்க வேண்டாம். மொத்த அளவையும் மொத்த மதிப்பையும் சேமித்து, தேவைப்படும்போது வகுத்துக்கொள்ளுங்கள். 3 துண்டின் மதிப்பு 100 என்றால் தலா 33.33, மூன்றும் போன பிறகு 0.01 அநாதையாக நிற்கும். அளவு 0 ஆகும் கடைசி வெளியீட்டில் மீதி மதிப்பு முழுவதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

போக்குவரத்து, சுங்க பில்கள் சரக்குக்குப் பல நாள் கழித்தே வரும். அவை அளவை மாற்றாமல் மதிப்பை மட்டும் மாற்றுவதால், மதிப்புக்குத் தனிப் பேரேடு வைத்து அங்கே பதியுங்கள். அதற்குள் பாதி விற்றிருந்தால் அந்தப் பாதிக்குரிய செலவு விற்ற பொருளின் அடக்கத்துக்குப் போகும், மீதிதான் இருப்பில் ஏறும்.

பழைய தேதியிட்ட வரவு ஒன்று நுழைந்தால் அதற்குப் பின் நடந்த வெளியீடுகளின் மதிப்பெல்லாம் மாறும். 5-ஆவது படியில் சொன்ன பூட்டுத் தேதி இல்லாவிட்டால், முடித்த கணக்கு இரவோடு இரவாக வேறாகிவிடும்.

## 9. திரும்பி வரும் வளங்கள்

மடிக்கணினி, கருவி, வாகனம், கூட்ட அறை ஆகியவை தீர்வதில்லை; போய்த் திரும்பும். இவற்றுக்கு வேண்டியது ‘யாரிடம், எப்போதிலிருந்து, எதுவரை’ என்ற ஒப்படைப்பு அட்டவணை. முன்பதிவு இரண்டு மோதுகின்றனவா என்று அறிய ஒரே விதி போதும்: முதலாவதின் தொடக்கம் இரண்டாவதின் முடிவுக்கு முன், இரண்டாவதின் தொடக்கம் முதலாவதின் முடிவுக்கு முன் என்றால் மோதல். தொடக்க நொடி சேர்த்தி, முடிவு நொடி சேர்த்தி இல்லை என்று வைத்தால் 10 மணிக்கு முடிவதும் 10 மணிக்குத் தொடங்குவதும் மோதாது. போஸ்ட்கிரெஸில் இதை விலக்குக் கட்டுப்பாடாக (மோதும் வரியைத் தானே மறுக்கும் விதியாக) டேட்டாபேஸிலேயே எழுதிவிடலாம்.

ஒரே மாதிரியான 50 நாற்காலி போன்றவற்றில் மோதும் பதிவுகளின் அளவையெல்லாம் கூட்டினால் தவறு. காலையில் 30, மாலையில் 30 என்று இரு பதிவுகள் இருக்கும்போது நாள் முழுவதற்கும் 20 கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த இடைவெளிக்குள் எந்த ஒரு நேரத்திலாவது மொத்தம் 50-ஐத் தாண்டுகிறதா என்றே பார்க்க வேண்டும்.

## 10. மாற்று நாள்

பழைய எக்செல் வரலாற்றை இழுத்து வர முயலாதீர்கள். எண்ணி எடுத்த இருப்பை ‘தொடக்க இருப்பு’ என்ற இடத்திலிருந்து ஒரு நகர்வாக ஏற்றினால் போதும். திட்ட நேரத்தில் பாதியைப் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யவே ஒதுக்குங்கள். ஒரே பொருள் மூன்று பெயரில் இருப்பதைக் கண்டுபிடிப்பது நிரலைவிட நேரம் தின்னும்.

எண்ணும் நேரத்தை முன்பே கணக்கிடலாம். 600 தட்டு, தட்டுக்கு 2 நிமிடம் என்றால் 20 மணி நேரம். இருவர் கொண்ட 4 குழு இறங்கினால் 5 மணி நேரம். சந்தேகத்துக்குரியவற்றை மறுபடி எண்ண மேலும் 2 மணி நேரம் வையுங்கள். எண்ணும்போது எதுவும் நகரக் கூடாது. நிறுத்த முடியாத வரவுகளைக் கயிறு கட்டித் தனியிடத்தில் வைத்து, எண்ணி முடித்த பிறகு புது மென்பொருளில் முதல் வரவாகப் பதியுங்கள்.

பழைய முறையையும் புதியதையும் ஒரு முழு மாத முடிவு தாண்டும் வரை சேர்த்து நடத்துங்கள். அதற்கு மேல் நீட்டினால் ஊழியர்கள் எளிதானதில் மட்டும் பதிவார்கள்.

## 11. ஓடத் தொடங்கிய பின்

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணுவதைவிட, வாரந்தோறும் ஒரு பகுதியை எண்ணுவது மேல். மதிப்பு அதிகமுள்ளதை மாதம் ஒருமுறை, நடுத்தரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை, மலிவானதை ஆண்டுக்கு ஒருமுறை. எண்ணுபவர் கையில் கொடுக்கும் தாளில் கணக்கிலுள்ள எண்ணை அச்சிடாதீர்கள். அதைப் பார்த்தால் கண் அதையே எண்ணும். எண்ணிய நொடியில் கணக்கில் இருந்த அளவையும் சேர்த்துப் பதியுங்கள். காலை 10 மணிக்கு எண்ணியதை மாலை 4 மணி இருப்போடு ஒப்பிட்டால், இடையில் விற்றதெல்லாம் காணாமல் போனதாகத் தெரியும். வித்தியாசத்தை ‘கணக்கெடுப்பு வித்தியாசம்’ என்ற இடத்தோடு ஒரு நகர்வாக, காரணத்தோடு பதியுங்கள்.

இரவில் தானாக ஓட நான்கு சோதனைகளை அமையுங்கள்: துணை அட்டவணையும் பேரேடும் ஒத்துப்போகின்றனவா, எந்தப் பொருள் எதிர்மறையில் நிற்கிறது, ‘வழியில் உள்ளது’ என்ற இடத்தில் வழக்கமான பயண நாளைத் தாண்டி என்ன கிடக்கிறது, அளவு 0 ஆகியும் மதிப்பு மிஞ்சிய பொருள் உண்டா. முடிவைப் பதிவுக் கோப்பில் புதைக்காமல், காலையில் கிடங்கைத் திறப்பவரின் திரையில் முதலில் தெரியும்படி காட்டுங்கள்.